கோம்பையைக் காணவில்லை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது கோம்பைப் பேரூராட்சி. இந்த ஊர்ப் பெயரைப் பாமினி எழுத்துருவில் அடித்தால் திரையில் 'கோம்பை' என்றுதான் தெரியும். கணினிக்குள் பதிவாவது வேறு: ஆங்கிலப் பெரிய என், எஃப், ஹெச், கே, ஓர் அரைப்புள்ளி, ஐ, ஜி. ஏழு குறிகளில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. அந்தக் கோப்பைத் திறந்து கன்ட்ரோல் எஃப் அழுத்தி, கைபேசியில் அடிப்பதுபோல யுனிகோடில் 'கோம்பை' என்று தேடினால் வேர்டு கைவிரித்துவிடும். பக்கத்துக்குப் பத்து இடத்தில் அந்தப் பெயர் கண்ணெதிரே இருந்தாலும் பதில் 'இல்லை'தான்.

கல்யாணப் பத்திரிகையில் இப்படி நடந்தால் யாருக்கும் நட்டமில்லை. கிரயப் பத்திர வரைவிலோ, வாக்காளர் பட்டியலிலோ, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு அலுவலகம் கோப்புகளைத் துழாவும்போதோ நடந்தால் கதை மாறுகிறது. 'சிஸ்டத்துல தேடிப் பார்த்தாச்சு, உங்க பேரு இல்லை' என்று கவுன்ட்டரில் ஒரு குரல் சொன்னால் பெரும்பாலோர் திரும்பி நடந்துவிடுகிறார்கள். அந்த 'இல்லை' ஆவணத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. தேடிய விதத்தைப் பற்றிய தகவல் மட்டுமே.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. யுனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அது நம் ஊர்க் கணினிகளில் ஒழுங்காக வேலை செய்யப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தன் வழியில் எழுத்துருக்களைச் செய்து விற்றுவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் யுனிகோடும் டேஸ் 16உம் அரசின் தரம் என்று அரசாணை வந்தது. ஆணை வந்து ஆண்டுகள் பல ஆகியும் பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்கள் டிடிபி கடைகளையும் பத்திர எழுத்தர்களின் கணினிகளையும் விட்டு முழுதாகப் போய்விடவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரலுக்கு அந்த விசை வரிசை இதம். அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அதே விசை வரிசையை வைத்துக்கொண்டே யுனிகோடில் அடிக்கலாம் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்ஹெச்எம் ரைட்டர் அதைச் செய்யும்.

கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஆவணத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தமிழ்ச் சொல்லை நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்ட வேண்டும். அங்கே அது ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறினால் பழைய எழுத்துரு. உடனடித் தேவைக்கு அந்தக் குப்பையை வைத்தே தேடலாம், கோம்பை கிடைத்துவிடும். நிரந்தரத் தீர்வு, என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் கோப்பை யுனிகோடுக்குக் கொண்டுவருவது. இங்கே இரண்டு ஆபத்துகள். முழுக் கோப்பையும் ஒரே தட்டில் மாற்றினால் அதற்குள் இருக்கும் நிஜமான ஆங்கிலமும் தமிழாகிவிடும். புல எண்ணின் உட்பிரிவில் உள்ள ஆங்கில எழுத்து, பான் எண், மின்னஞ்சல் எல்லாம் சிதையும். ஆகவே தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றி, எண்களை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இரண்டாவது, இணையத்தில் இருக்கும் முகம் தெரியாத மாற்றித் தளங்கள். ஆதார் எண்ணும் சொத்து விவரமும் உள்ள வரைவை அங்கே ஒட்டுவது, அதை அந்நியர் கையில் கொடுப்பதற்குச் சமம். கணினியிலேயே நிறுவி இணையம் இல்லாமல் இயங்கும் மாற்றியே இதற்கு உகந்தது.

கோப்பு யுனிகோடில் இருந்தால் தொல்லை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் தேனி வட்டாரத்துக்கே தெய்வம். அந்தப் பெயரை வைத்துக்கொண்ட பெண்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். 'கௌ' என்பதைச் சிலர் ஒற்றை உயிர்மெய்யாக அடிக்கிறார்கள். சிலர் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' வைக்கிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரிவது அபூர்வம். கணினிக்கு இரண்டும் இரண்டு வேறு பெண்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் முதலெழுத்துக்கும் இரண்டு வழி: 'ஸ'வில் தொடங்குவது ஒன்று, 2005இல் யுனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்குவது இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். கோம்பையின் 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறியையும் ஒரே குறியாகச் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்று யுனிகோடு விதி சொல்கிறது. எல்லா மென்பொருளும் தேடும்போது அதை மதிப்பதில்லை. போதாக்குறைக்கு, காலுக்குப் பதில் 'ர' அடிக்கும் பழக்கமும், இணையத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் இருக்கின்றன.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே கூத்துதான். இடுக்கி ஏலத்தோட்டங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் தேனி மாவட்டத்தார் கையில் மலையாள ஆவணங்கள் இருக்கும். மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு 2008இல் யுனிகோடு 5.1 தனிக் குறி கொடுத்தது. அதற்கு முன் அடித்த கோப்பும் பின் அடித்த கோப்பும் ஒரே சொல்லுக்கு ஒத்துப்போகாது.

இலக்கணமும் தன் பங்குக்கு விளையாடும். 'மாவட்டம்' என்று தேடினால் 'மாவட்டத்தில்' சிக்காது. 'மாவட்ட' என்று நிறுத்தினால் இரண்டும் சிக்கும். முழுச் சொல்லை மட்டும் தேடு என்ற பெட்டியில் டிக் இருந்தால் 'கோம்பையில்', 'கோம்பைக்கு' எல்லாம் நழுவிவிடும். ஆகவே பெயரின் நடுவிலிருந்து சிக்கலில்லாத துண்டு ஒன்றை எடுத்துத் தேடுவது புத்திசாலித்தனம். கௌமாரிக்கு 'மாரி' போதும்.

வேர்டின் சொந்தச் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. முன்பு தடித்த எழுத்தைத் தேடிய அமைப்பு கட்டத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் சாதாரண எழுத்தில் இருப்பது கிடைக்காது; 'நோ ஃபார்மேட்டிங்' பொத்தானை அழுத்த வேண்டும். வைல்டுகார்டு பெட்டியில் டிக் இருந்தால் கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் வேறு பொருள் பெறும். மறைத்து வைத்த எழுத்து திரையில் காட்டப்படாதவரை அகப்படாது. படமாக ஒட்டிய பக்கத்தில் தேட எழுத்தே கிடையாது.

தேடாமல் விடுவதைவிட மோசமானது, தேடி ஒரேயடியாக மாற்றுவது. தேனி மாவட்டத்திலேயே கோம்பைத்தொழு என்று இன்னோர் ஊர் இருக்கிறது. 'கோம்பை' என்ற இடத்தில் எல்லாம் 'கோம்பைப் பேரூராட்சி' என்று போடச் சொல்லி 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தினால் அந்த ஊர் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளலாம். போன வாரத்துக் கிரயப் பத்திரத்தைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றிப் புதுப் பத்திரம் தயாரிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். எழுத்து வேறுபாட்டால் ஓரிடத்தில் பழைய பெயர் மாறாமல் தங்கிவிட்டால், பதிவுக்குப் பின் பிழைத்திருத்தல் பத்திரம் போட எழுதிக்கொடுத்தவரை மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துவர வேண்டும். அவர் வெளியூருக்குப் போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். கையெழுத்துக்கு முன் அச்சுப் பிரதியை வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்வது வாங்குபவரின் உரிமை. தயங்க வேண்டியதில்லை.

பிடிஎஃப் கோப்பின் கதை தனி. சில பிடிஎஃப்களில் எழுத்தின் உருவங்கள் மட்டுமே வரிசையாக இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் இரட்டைக்கொம்பு 'க'வுக்கு முன்னால் வந்து நிற்கும், சங்கிலிக்கொம்பு 'ப'வுக்கு முன்னால் தாவும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் இருப்பது வெறும் படம். இது தொழில்நுட்பச் சண்டை மட்டுமல்ல, உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. வாக்காளர் பட்டியலைத் தேடக்கூடிய எழுத்து வடிவில் தரவேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் மத்தியப் பிரதேசத் தேர்தலுக்கு முன் வழக்குத் தொடுத்தார். வாக்காளரின் அந்தரங்கத்தைக் காக்கவே பட வடிவில் வெளியிடுகிறோம் என்றது தேர்தல் ஆணையம். 2018 அக்டோபர் 12 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு மனுவைத் தள்ளியது. தேடும் வடிவம் வேண்டுமென்றால் மனுதாரரே முயன்று மாற்றிக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் நிலை. அந்தரங்கக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றும் வசதி கட்சி அலுவலகத்துக்கு இருக்கும். தன் ஒரு பெயரைத் தேடும் தோட்டத் தொழிலாளிக்கு இருக்காது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 14 அன்று, பீகார் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடர்பான வழக்கில், வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் விவரத்தைக் காரணத்தோடு வெளியிடவும், வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு அதைப் பார்க்க வழி செய்யவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெயரைத் தேடுவதைவிட எண்ணைத் தேடுவது பத்திரம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தமிழ்நாட்டில் அதே ஆண்டு நவம்பர் 4 அன்று தீவிரத் திருத்தம் தொடங்கியபோது 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடாத வீடு குறைவு. டிசம்பர் 19 அன்று வந்த வரைவில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இருமுறை இருந்தவர்கள் நீக்கப்பட்டார்கள் என்பது தேர்தல் ஆணையத்தின் விளக்கம். உண்மையில் விடுபட்டவர் யார், தேடலில் மட்டும் அகப்படாதவர் யார் என்று பிரித்தறிய, அட்டை எண்ணால் ஒருமுறை தேடி, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் உள்ள அச்சுப் பட்டியலை வரிசையாக ஒருமுறை பார்ப்பதே வழி. பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6, எழுத்துப் பிழை என்றால் படிவம் 8, சந்தேகத்துக்கு 1950 என்ற தொலைபேசி எண். வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு தவறு என்றால் மாவட்ட ஆட்சியருக்கும், அதன்பின் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் மேல்முறையீடு செய்யலாம்.

அரசு அலுவலகக் கோப்புகளுக்கு இருக்கும் ஆயுதம் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம். கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவில் பெறும் உரிமையைப் பிரிவு 2(ஜெ) தருகிறது. கேட்ட வடிவில் தருவதே வழக்கமாக இருக்க வேண்டும், அலுவலக வளங்களை அளவுக்கு மீறி விழுங்கினால் ஒழிய, என்கிறது பிரிவு 7(9). ஆகவே மனுவில் 'ஜெராக்ஸ் வேண்டாம், யுனிகோடில் தேடக்கூடிய மின்னணு நகல் வேண்டும்' என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்று பதில் வந்தால், எந்தக் கோப்புகளில், எந்தச் சொல்லால், எப்படித் தேடினீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முழுமையற்ற, தவறான தகவல் தந்தால் பிரிவு 18இன் கீழ் நேரடியாகவே ஆணையத்தில் புகார் செய்யலாம். அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பார்வையற்றோருக்கு இது தேடல் பிரச்சினை மட்டும் அல்ல. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் பாமினிக் கோப்பைத் தமிழாகப் படிக்காது. என், எஃப், ஹெச் என்று ஆங்கில எழுத்துகளாகவே உளறும். மின்னணு ஊடக உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 42 சொல்கிறது. மின்னணு அணுகல் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு துறை இன்றும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அனுப்பினால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் எழுதப் போதுமான அடிப்படை இது.

தனியார் கடைக்கு வந்தால் கேட்க வேண்டியவை குறைவு. வேலையைக் கொடுக்கும்போதே யுனிகோடில் அடிக்கச் சொல்வது, பென் டிரைவில் வேர்டு கோப்பை வாங்கிக்கொள்வது, கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் தங்கிய நகலை அழிக்கச் சொல்வது, காசுக்கு ரசீது கேட்பது. ரசீது இருந்தால், பிழையால் நட்டம் வரும்போது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.