மலையகத்தில் நடைப்பயணமும் வீட்டுத் தங்கலும்: யாருக்குப் பயன்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புடைவைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் இளைஞர்களிடம் சொந்த ஊர் எதுவென்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புறக்கோட்டையில் பஸ் ஏறி அங்கே போய் வருவார்கள். நாம் காலையில் குடிக்கும் தேநீரும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால், அவர்களுடைய வீட்டில் ஓர் இரவு தங்கி ஒரு வேளை உண்டிருக்கிறோமா என்று கேட்டால், கொழும்பில் வாழும் நம்மில் பெரும்பாலானோர் இல்லையென்றே கூற வேண்டும். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போயிருக்கிறோம். தேயிலைச் செடிகளின் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறோம். லயங்களை பஸ் ஜன்னலூடாகப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

இன்று உலகின் பல மலைநாடுகளில் வேறொரு வகைச் சுற்றுலா பரவியுள்ளது. சிறு குழுவாக, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் இரண்டு மூன்று நாட்கள் மலைப்பாதையில் நடப்பார்கள். இரவில் ஹோட்டலுக்குப் போகாமல் கிராமத்து வீட்டில் தங்கி, அந்த வீட்டார் சமைப்பதை உண்பார்கள். அவ்வாறு நடக்கும் மலைகளில் பெரும்பாலும் சிறுபான்மை இன மக்களே வாழ்கிறார்கள். இம்முறை மலையகத்திற்கும் வந்துள்ளது. இதனால் அங்குள்ள மக்களுக்கு என்ன பயன், அப்பயன் கிடைக்க எவை தேவை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பீக்கோ பாதை

பீக்கோ என்பது தேயிலையின் தரங்களில் ஒன்றின் பெயர். அந்தப் பெயரால் அழைக்கப்படும் நடைபாதை கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, நுவரெலியாவுக்கு அருகிலுள்ள பீட்று தோட்டத்தில் முடிகிறது. நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளதால், ஒரு பகுதி சராசரியாக 14 கிலோமீற்றர் வரும். ஒரு நாளில் ஒரு பகுதியை நடக்கலாம். கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, ஹோர்ட்டன் சமவெளி, அப்புத்தளை, எல்ல, உடப்புசல்லாவை, கந்தப்பளை ஆகிய இடங்களைத் தொட்டுச் செல்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் நிறுவனமும் இதை அமைப்பதற்கு நிதி வழங்கின.

இது புதிதாக வெட்டப்பட்ட பாதை அல்ல. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் ஸ்டோருக்கும் புகையிரத நிலையத்துக்கும் கொண்டு செல்ல வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொழிலாளர்களைக் கொண்டு வெட்டுவித்த பாதைகளே இணைக்கப்பட்டுள்ளன. இன்றும் பெரட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்களும் நடக்கும் பாதை அது. உல்லாசப் பயணிக்கு அது இயற்கைக் காட்சி. அங்கு வாழ்பவருக்கோ அது முற்றம்.

முன்னே நடந்தவர்கள்

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். அவர்களுடைய பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் அமர்ந்த கல்லாசனத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட பழைய தேயிலை ஸ்டோர் 2001 முதல் நூதனசாலையாக உள்ளது. ஆனால் செடி நட்ட கைகளுக்கு அவ்வாறான நினைவிடம் ஏது?

அந்த நினைவை மீட்கவே 2023 இல் இன்னொரு நடை இடம்பெற்றது. மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில், ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். தேசிய கிறிஸ்தவ மன்றமும் மலையக அமைப்புகளும் இதில் இணைந்து நின்றன. காணியுரிமை, வீட்டுரிமை, நியாயமான சம்பளம், சம பிரஜைகளாக மதிக்கப்படல் ஆகியன அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் அடங்கும். பொழுதுபோக்காக மலையகத்தில் நடக்க விரும்பும் நாம், இந்த இரண்டு நடைகளையும் அறிந்த பின்னரே நமது முதல் அடியை எடுத்து வைப்பது முறை.

மற்ற நாடுகள் கற்றுத்தரும் பாடம்

நேபாளத்தில் சியாங்ஜா மாவட்டத்திலுள்ள சிருபாரி, குருங் இன மக்கள் வாழும் மலைக்கிராமம். 1997 இல் அங்கு வீட்டுத் தங்கல் தொடங்கியது. விருந்தினர் தமக்குப் பிடித்த வீட்டைத் தேடிப் போவதில்லை. கிராமத்துக் குழுவே அவர்களை வரவேற்று, முறை வைத்து வீடுகளுக்குப் பிரித்து அனுப்புகிறது. ஆகவே, பாதையோரத்து வீட்டுக்காரர் மட்டும் உழைக்க, மேட்டிலுள்ளவர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை ஏற்படுவதில்லை.

வியட்நாமின் சா பா மலையில் ஹ்மோங், தாவ் இனப் பெண்கள் வழிகாட்டிகளாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் பெரிய ஹோட்டல்களும் பயண முகவர் நிலையங்களும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களின் கைகளிலேயே உள்ளன. தாய்லாந்தின் மே ஹொங் சொன் மாகாணத்தில் நிலைமை இன்னும் வேதனையானது. மியன்மாரிலிருந்து அகதிகளாக வந்த, கழுத்தில் பித்தளை வளையம் அணியும் கயான் பெண்களைப் பார்ப்பதற்கே நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். மனிதர் வாழும் இடம் காட்சிச்சாலை ஆகிவிட்டது.

மூன்று இடங்களும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. தமது வீடும் முடிவெடுக்கும் அதிகாரமும் மக்களின் கையில் உள்ள இடத்தில் அவர்கள் விருந்தளிப்பவர்கள். அவை இல்லாத இடத்தில் அவர்களே காட்சிப்பொருள்.

கதவு யாருடையது?

மலையகத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விருந்தினரை அழைக்க முதலில் ஒருவருக்கு வீடு வேண்டும். பழைய லயக் காம்பராவோ சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்புமே. மூன்று தலைமுறைகள் அதில் வாழ்வதுண்டு. அதுவும் அவர்களுக்குச் சொந்தமானதன்று. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. இத்தனை கைமாற்றங்களிலும் லயம் தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது. பல தோட்டங்களில் வீட்டுக்கு இலக்கமோ தெருவுக்குப் பெயரோ கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்தன.

வீட்டுத் தங்கலை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யலாம். ஆனால் வீட்டின் மீதான உரிமையைக் காட்டும் ஆவணம் கேட்கப்படும். பரம்பரை பரம்பரையாக அதே காம்பராவில் வாழ்ந்தவரிடம் அது இல்லை. பாதையோரத்துத் துரை பங்களா உல்லாச விடுதியாக மாறி விருந்தினரை ஏற்கும். அதன் கீழேயுள்ள லயத்தினால் ஏற்க முடியாது. வருமானம் எங்கே தங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சிறிது சிறிதாக நிலைமை மாறி வருகிறது. இந்திய உதவியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தினால் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இயலாதிருந்த பிரதேச சபைகள், 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர் அங்கும் சேவை வழங்கலாம். உறுதிப்பத்திரத்துடன் தனி வீடு பெற்ற குடும்பங்களே வீட்டுத் தங்கலை முதலில் தொடங்கக் கூடியவை. எனவே, காணியுரிமையை ஒரு பக்கமும் சுற்றுலாவை மறுபக்கமும் வைத்துப் பேச முடியாது. முன்னது இல்லாமல் பின்னது பிறருடைய வியாபாரமாகவே இருக்கும்.

ஒரு சிறிய கணக்கு

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். பன்னிரண்டு பேர் ஓர் இரவு தங்குகிறார்கள். ஆளுக்கு 2,500 ரூபா தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30,000 ரூபா. ஆறு வீடுகளுக்கு இருவர் வீதம் அனுப்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் 4,000 ரூபா கொடுத்தால் 24,000 ரூபா. மீதி 6,000 ரூபா பொது நிதிக்கு. சாப்பாட்டுச் செலவு 1,500 ரூபா போக வீட்டுக்கு 2,500 ரூபா மிஞ்சும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதை நினைத்தால், இது ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு. வாழ்க்கையை மாற்றிவிடும் தொகை அல்ல. ஆனால் பிள்ளையின் ரியூசன் கட்டணத்துக்கு உதவும். சம்பளத்துக்குப் பதிலாக இதைக் காட்டி எவரும் தப்பித்துக்கொள்ளவும் இடமளிக்கக் கூடாது.

பொது நிதியை முதலில் எதற்குச் செலவிடுவது? மலசலகூடத்துக்கும் குடிநீருக்கும் என்பதே நமது கருத்து. விருந்தினருக்கென்று தனியே ஒன்று கட்டிப் பூட்டி வைப்பதை விட, வீட்டாரும் அயலாரும் பயன்படுத்தக் கூடியதாக அமைப்பதே நல்லது. அதிகாலையில் எழுந்து பீலியில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, நாள் முழுவதும் கொழுந்து பறித்து வரும் தாய்க்கு விருந்தினர் இன்னொரு சுமையாகிவிடவும் கூடாது. விருந்தினர் வரும் நாளில் விறகும் தண்ணீரும் ஆண்கள் பொறுப்பாகட்டும். சமைத்தவரின் கையிலேயே பணம் கொடுக்கப்படட்டும். மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கிய பழைய வழக்கம் இதில் திரும்பி வர வேண்டாம்.

வழிகாட்டியும் தோட்டத்து இளைஞராகவே இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பிரதேசத்துக்கு மட்டும் உரிய வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் உண்டு. கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் நிற்கும் ஒரு பையனுக்கோ பிள்ளைக்கோ ஊரிலேயே தொழில் கிடைக்க இது ஒரு வழி. அதற்கு ஆங்கிலமும் சிங்களமும் முதலுதவியும் கற்றுக்கொடுப்பதைப் பங்குகளும் சேகரங்களும் பொறுப்பேற்கலாம்.

நாம் எப்படிப் போவது?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பங்கு இளைஞர் மன்றங்கள் இரண்டு நாள் நடையாக இதைத் தொடங்கலாம். முதல் நாள் ஹந்தானையிலிருந்து கலஹா, இரண்டாம் நாள் கலஹாவிலிருந்து லூல்கந்துர. பின்வருவனவற்றைக் கவனிப்போம்.

1. பன்னிரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்னரே அவ்விடத்துப் பங்குத் தந்தை அல்லது போதகர், கோயில் தலைவர், மாதர் சங்கத்தினர் ஆகியோருடன் பேசித் தொகையையும் முறையையும் முடிவு செய்வோம். தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவிப்போம்.

2. வீட்டில் இடமில்லாவிட்டால் ஆலய மண்டபத்திலோ பாடசாலையிலோ படுத்து, வீடுகளில் உண்போம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத் தேநீரும் போதும். நமக்காகக் கடன் வாங்கி இறைச்சி சமைக்கும் நிலைக்கு எவரையும் தள்ளக் கூடாது.

3. கேளாமல் படம் எடுக்க வேண்டாம். பெரட்டுக் களத்திலும் கொழுந்து மலையிலும் வேலைக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் வீசிப் பழக்க வேண்டாம்.

4. மழைக்காலத்தைத் தவிர்ப்போம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் இப்பகுதிக்கு ஏற்றது. அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ எடுத்துச் செல்வோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாடெங்கும் மண் சரிந்ததையும் மறக்க முடியாது. புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகளைக் கேட்டறிவோம். நாம் ஓர் இரவு தங்க அஞ்சும் சரிவில் அவர்கள் ஆண்டு முழுவதும் உறங்குகிறார்கள் என்பதையும் எண்ணுவோம்.

5. திரும்பி வந்த பின் உறவைத் தொடர்வோம். அடுத்த விடுமுறையில் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்து நமது வீடுகளில் தங்க வைப்போம். விருந்து ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் அது சேவையாகவோ வியாபாரமாகவோ முடியும். இரு பக்கமும் நடந்தால் உறவாகும்.

எம்மாவுசுக்குப் போன சீடர் இருவரும் வழி நெடுகத் தம்முடன் நடந்தவரை இன்னாரென்று அறியவில்லை. பொழுது சாய்ந்தபோது தங்கும்படி அவரை வருந்தி அழைத்தார்கள். பந்தியில் அப்பம் பிட்கப்பட்டபோதே அவர்களுடைய கண்கள் திறந்தன. கொழும்பில் நாள்தோறும் நமக்குப் பக்கத்தில் நடக்கும் மலையக இளைஞரின் பெயரையும் ஊரையும் நாமும் அறியாமல் இருக்கிறோம். அந்த ஊருக்கு நடந்து போய், அவருடைய தாயின் கையால் ஒரு வேளை உண்போம். அந்த வீடு அவர்களுக்கே சொந்தமாக வேண்டும் என்று குரல் கொடுக்கும் கடமையையும், உண்ட வீட்டுக்குச் செய்யும் நன்றியாக ஏற்றுக்கொள்வோமாக.