தீர்ந்த வழக்கும் திரும்பி வரும் வழக்கும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. முன்கட்டில் குழித்தறி; பின்கட்டில் குடும்பம். அவ்வீடு யாருக்குரியது என்று அண்ணன் தம்பியரிடையே வழக்கு எழுகிறது. தம்பிக்கே உரியது என நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது, மேல்முறையீடும் முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அண்ணன் மகன் பழைய பத்திரம் ஒன்றைக் காட்டி மீண்டும் வழக்குத் தொடுக்கிறான். இது நாம் எடுத்துக்கொண்ட கற்பனையே. ஆயினும் உரிமையியல் நீதிமன்றங்களை அறிந்தோர்க்குப் புதுமையன்று. வசதியுள்ளவனுக்கு இரண்டாம் வழக்கு வெறும் செலவு. தறியை நிறுத்திவிட்டு வாய்தாவுக்கு அலைபவனுக்கோ, வென்ற வீட்டையே விற்க நேரும்.

இதனைத் தடுப்பது 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. முன்தீர்ப்புத் தடை என்பது சட்டத்தமிழ் வழக்கு. அதே தரப்பினரிடையே, அல்லது அவர்கள்வழி உரிமை கோருவோரிடையே, அதே உரிமையின்பேரில், தகுதியுள்ள நீதிமன்றம் நேரடியாக விசாரித்து இறுதியாக முடிவு செய்த பிரச்சினையை மற்றொரு வழக்கில் எழுப்பலாகாது. முன்பே சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கவும் வேண்டும் என்ற வாதத்தைப் பின்னர்க் கொணர்வதற்கும் இத்தடை உண்டு. அப்பத்திரம் உண்மையிலேயே முன்பு கைக்கு எட்டாதிருந்ததெனில், உரிய காலத்துள் மறுஆய்வு கோரியிருத்தல் வேண்டும்; புது வழக்கு அதற்கு வழியன்று. ஆனால், மோசடியால் பெற்ற தீர்ப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என 1993இல் செங்கல்வராய நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்நெறி ஆங்கிலேயர் கொணர்ந்தது என எண்ணுவோர் பலர். ஆனால் சட்டப்பிரிவின் மூலம் ஆங்கிலேயருடையதாக இருப்பினும், இந்நெறி இந்நாட்டுப் பழஞ்சட்டத்துக்கு முரணானதன்று என்றே 1916இல் பிரிவி கவுன்சில் கருதியது. முன்பு தோற்றவன் மீண்டும் வழக்காடினால், 'நீ முன்பே தோற்றாய்' என விடைகூறலாம் என்னும் காத்தியாயனர் விதியை, மிதாட்சரத்தின் வழியாக அது எடுத்துக்காட்டியது. இஸ்லாமியச் சட்டவியலிலும் இதற்கு நிகரானது உண்டு. வாரிசுரிமை வழக்கொன்றில் ஒருவிதமாகத் தீர்ப்பளித்த உமர் (ரலி) அவர்கள், பின்னர் அதனையொத்த வழக்கில் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தார்கள். எனினும் முந்தையதைக் கலைக்கவில்லை. ஓர் இஜ்திஹாத் மற்றோர் இஜ்திஹாதால் முறிக்கப்படாது என்று உதுமானிய அரசின் மஜல்லா தன் 16ஆம் விதியில் வகுத்ததும் இதுவே.

ஒரு சமூகமே வழக்காடும்போது யாரெல்லாம் கட்டுப்பட்டவர்? இதற்கும் காஞ்சியிலேயே சான்றுண்டு. வரதராசப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் அத்தியாபக மிராசு பற்றி வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வந்துள்ளனர். நிலமன்று எனினும், மிராசு என்பது சொத்துரிமை போன்றே வழக்காடப்படுவது. 1882, 1915 ஆண்டுகளில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. 2025 நவம்பரிலும் உயர் நீதிமன்ற அமர்வு பழந்தீர்ப்புகளையே பற்றிநின்று தென்கலையார் உரிமையை உறுதிசெய்தது. பொது உரிமைக்காகச் சிலர் நல்லெண்ணத்துடன் வழக்காடினால், அன்று பிறவாதவரும் அம்முடிவுக்கு உட்பட்டவரே என்பது 11ஆம் பிரிவின் ஆறாம் விளக்கம். பள்ளிவாசல், அடக்கத்தலம், வக்ஃபு நிலம் பற்றிய வழக்குகளுக்கும் இது பொருந்தும்.

இங்கேதான் நாம் இடறுகிறோம். தமிழகப் பள்ளிவாசலொன்றும் அதன் அடக்கத்தலமும் குடும்பச் சொத்தா, பொது வக்ஃபா என்ற சையது முகம்மது சாலி லெப்பை வழக்கில், 1976இல் நீதிபதி ஃபஸல் அலீ அவர்கள் எழுதிய தீர்ப்பை ஒவ்வொரு முத்தவல்லியும் படித்தல் நன்று. முன்தீர்ப்புத் தடையைக் கோருபவர், முதல் வழக்கில் இருதரப்பும் என்ன வாதிட்டன என்பதை அவ்வழக்கின் வழக்குரைகளைக் கொண்டே காட்ட வேண்டும். பழைய தீர்ப்பில் அவை சுருக்கமாகச் சொல்லப்பட்டிருப்பது போதாது என்றது அத்தீர்ப்பு.

நம் ஜமாஅத்துகளின் தகரப்பெட்டியில் பெரும்பாலும் தீர்ப்பாணை ஒன்றே இருக்கிறது. வழக்குரையும் எதிர்வழக்குரையும் இருப்பதில்லை. நீதிமன்றங்களோ பழைய கட்டுகளைக் குறித்த காலத்துக்குப்பின் அழித்துவிடுகின்றன. ஒரு வழக்கு முடிந்த அந்த ஆண்டிலேயே வழக்குரை, எதிர்வழக்குரை, எழுவினாக்கள், தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகிய ஐந்துக்கும் சான்றிட்ட நகல் பெற்று, ஓரிடத்திலன்றி ஈரிடத்தில் வைத்தல் வேண்டும்.