தைக்கத் தெரிந்தால் படகும் கட்டலாம்!

"படகா? அதுவும் வீட்டிலேயா?" என்று மூக்கின்மேல் விரல் வைக்கிறீர்களா? ரவிக்கை தைக்கிற கைக்கு இது அப்படியொன்றும் புதிதல்ல!

'கயாக்' என்பது வடதுருவத்து இன்யூட் மக்களின் ஒடுக்கமான படகு. சட்டத்தின்மேல் சீல் தோலைத் தண்ணீர் புகாமல் தைத்தவர்கள் பெண்களே. நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் ஆணியில்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்ததுதான். அலை மோதினாலும் வளைந்து கொடுக்கும்.

இங்கிலாந்தில் 1963-ல் வந்த 'மிரர்' படகு, இந்தத் தையல் முறையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. கயாக்கும் அப்படியே கட்டலாம். 4 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டை (ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்க) அளவாக அறுத்து, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் இணைத்து முறுக்கவேண்டும். உள்மூலைகளில் எபாக்சிப் பசையில் மரத்தூள் குழைத்துப் பூசி, மேலே ஃபைபர் கிளாஸ் நாடா ஒட்டவேண்டும். முன்னும் பின்னும் காற்றறை வைத்து அடைத்தால், கவிழ்ந்தாலும் மூழ்காது. எடை சுமார் 20 கிலோதான்.

உடம்பைக் கவனிங்க! எபாக்சி தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் தொல்லைதான். கையுறை கட்டாயம். அடுக்களையில் வேண்டாம், திண்ணையே நல்லது. தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். செங்கோட்டைச் சாரலில் ஈரம் ஏறிய பலகையில் பசை பிடிக்காது. பங்குனி வெயிலில் ஆரம்பியுங்கள்.

அருவித் தடாகமும் அணையும் ஆபத்து. அமைதியான குளத்தில், அனுமதி பெற்று, கரையோரமாகவே ஓட்டுங்கள். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!" என்று பிள்ளைகள் சொன்னாலும், மிதவைச் சட்டை மாட்டாமல் ஏறவிடாதீங்க.