கணனிக்கும் காய்ச்சல் வரும்

மனிதருக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றோம், வைத்தியரை நாடுகின்றோம். கணனிக்குக் காய்ச்சல் கண்டால் என் செய்கின்றோம்? பெரும்பாலும், அதனைக் கடைசியாகத் தொட்ட பிள்ளையைக் கடிந்துகொள்கின்றோம். நானும் அவ்வாறே செய்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், என் மகள் பாடசாலைச் செயற்றிட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக் கணனி திடீரென அணைந்துவிட்டது. மீண்டும் இயக்கினாள், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அணைந்தது. எழுதியதிற் பாதி போயிற்று. “கண்டதையெல்லாம் தட்டிப் பழுதாக்கிவிட்டாய்” என்று சினந்தேன். அவளோ கண் கலங்கி, “நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா. பின்பக்கம் தொட்டுப் பாருங்கோ, சுடுகுது” என்றாள். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அவ்வொரு சொல் போதுமானதாயிருந்தது.

கணனியின் மூளை எனத் தகுவது புரொசெசர் என்னும் சிலிக்கன் சில்லு. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன; இன்றைய சில்லுகளிலோ அவை கோடிக்கணக்கில் உள்ளன. அவை கணந்தோறும் திறந்து மூடுங்கால் செலவாகும் மின்சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகின்றது. வீட்டுக் கணனிகள் பலவற்றின் புரொசெசர் 65 வாற்று அளவினது. பழைய 60 வாற்று மின்குமிழ் எரியும்போது அதனைக் கையாற் பற்ற இயலுமா? அத்துணை வெப்பம் தபால் முத்திரையிலும் சிறியதோர் இடத்திற் பிறக்கின்றது!

வெப்பம் கணனிக்குப் பழம்பகை. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உலகறியக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் கணனி, ஏறத்தாழ 18,000 வால்வுகளுடன் 150 கிலோவாற்று மின்வலுவை விழுங்கியது. அதனைக் குளிர்விக்கவே பெரும் ஊதுவிசிறிகள் வேண்டியிருந்தன. 1985இல் வந்த கிரே-2 என்னும் மாபெருங் கணனியின் சுற்றுக்களை மின் கடத்தாத திரவத்தில் அமிழ்த்தியே வைத்தனர்.

நம் வீட்டுக் கணனியில் ஒழுங்கு எளியது. சில்லின் வெப்பம் அதன்மேல் அழுந்தியிருக்கும் செம்பு அல்லது அலுமினியக் கட்டிக்குச் செல்கின்றது. அங்கிருந்து மெல்லிய தகடுகளுக்குப் பரவுகின்றது. விசிறி ஊதும் காற்று அதனை அகற்றுகின்றது. முன்னையது கடத்தல், பின்னையது மேற்காவுகை. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் உலோகத்திலும் நுண்ணிய பள்ளங்கள் உள. அவற்றில் காற்று தங்கினால் வெப்பம் தடைப்படும். ஏனெனில் செம்பு காற்றிலும் 15,000 மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. அப்பள்ளங்களை நிரப்பவே இடையில் வெப்பப் பசை பூசுகின்றனர்.

இவ்வழியில் எங்கேனும் தடை நேர்ந்தால் சில்லு கொதிக்கும். அப்போது அது முதலில் தன் வேகத்தைத் தானே குறைக்கும்; அதுவும் போதாதாயின், எரிந்துபோகாதிருக்கத் தன்னை அணைத்துக்கொள்ளும். நாம் பழுதென எண்ணியது உண்மையில் தற்காப்பே.

நோயறியும் முறை யாது? முதலில், எப்போது அணைகின்றது என நோக்குக. ஆறியிருந்த கணனி நெடுநேரம் இயங்கி, அணைந்தவுடன் மறுபடி இயக்கினால் விரைவில் அணையுமாயின், வெப்பத்தையே ஐயுறுக. தொடக்கத்திற் சென்று காணத்தகும் பயோஸ் திரை வெப்பநிலையைக் காட்டும். எங்கள் கணனி வேலையின்றியே 88 பாகை செல்சியஸ் காட்டிற்று. ஓய்வில் 50 பாகையைச் சுற்றி நிற்பது நம் நாட்டு வெயிலுக்குப் பொருந்தும்.

பின்னர் மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிப் பக்கத் தகட்டைத் திறந்தேன். விசிறிக்கும் தகடுகளுக்குமிடையே தூசி கம்பளிபோல் படிந்து கிடந்தது! விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் அதனை நீக்கினேன். வெப்பநிலை 70க்கு இறங்கியது, ஆயினும் போதவில்லை. மீண்டும் ஆராய்ந்ததில், கட்டியை இறுக்கும் நான்கு முனைகளுள் ஒன்று கழன்றிருந்தது. கட்டியை மெல்லத் திருகி எடுத்தேன். பழைய பசை காய்ந்து பொருக்காயிருந்தது. அதனை ஐசோபுரொப்பைல் மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து, பயற்றம் விதையளவு புதுப் பசை வைத்து, நான்கு முனைகளையும் குறுக்கு மறுக்காக இறுக்கினேன். வெப்பநிலை 46 ஆயிற்று.

இவ்வளவும் செய்தும் வெப்பம் தணியாவிடின் விசிறி தேய்ந்திருக்கலாம். வெப்பநிலை தாழ்ந்திருந்தும் கணனி அணையுமாயின் குற்றம் மின்வழங்கியில் இருக்கக்கூடும். அதனைத் திறவாது தொழில்நுட்பவியலாளரிடம் ஒப்படைத்தலே நன்று. மடிக்கணனி வைத்திருப்போர் அதனை மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்தல் ஆகாது. அடியிலுள்ள காற்றுத் துளைகள் மூடுண்டு போகும்.

எங்கள் கணனியைத் தெருப்புழுதி வந்து விழும் சன்னலருகே, சுவரோடு ஒட்டி, காற்றுப் புகாதவாறு வைத்தவர் யார்? நானேதான். மகளை அழைத்து அத்தூசியைக் காட்டி, “பிழை என்னுடையது, பிள்ளை” என்றேன். அவள் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். பெற்றோரே, கணனி அணைந்தால் பிள்ளையைக் கேட்குமுன் விசிறியைப் பாருங்கள்.