ஒரு மடல், இரு படிகள்

மின்னஞ்சல் வழியே பலர் கூடிக் கருத்தாடுதற்கு அமைந்தவை மடற்குழுக்கள். ஒவ்வொரு குழுவிற்கும் பொதுமுகவரி ஒன்று உண்டு. அம்முகவரிக்கு ஒரு மடல் வரின், குழுவை நடத்தும் கணிப்பொறி அதனைப் படியெடுத்து உறுப்பினர் அனைவர்க்கும் அனுப்பும். இவ்வேற்பாட்டில் ஒரே மடல் ஒருவரிடமே இருமுறை வந்து சேர்வதும் உண்டு. இஃது எதனால் நிகழ்கின்றது?

முதற்காரணம் முகவரி இரட்டித்தல். குழுவில் ஒருவர் ஐயம் ஒன்றை எழுப்புகின்றார். விடை தருபவர், குழுவின் முகவரியோடு அவர்தம் முகவரியையும் சேர்த்துவிடுகின்றார். அதனால் ஒரு படி நேரேயும், மற்றொரு படி குழுவின் வழியேயும் அவரை அடைகின்றன.

இரண்டாங்காரணம் நுட்பமானது. மடலை அனுப்பும் கணிப்பொறி, பெறும் கணிப்பொறியிடமிருந்து ‘பெற்றேன்’ என்னும் விடை வரும்வரை மடலைத் தன் பொறுப்பிலேயே வைத்திருக்கும். விடை உரிய நேரத்தில் வாராவிடின், மடல் சேரவில்லை எனக் கருதி மீண்டும் அனுப்பும். குழுக் கணிப்பொறி, உறுப்பினர் அனைவர்க்கும் மடலைப் பகிரும் வேலையில் இறங்கிவிட்டு விடை கூறத் தாழ்க்குமாயின், மடல் இரட்டிக்கும். இக்குறையை 1988ஆம் ஆண்டில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கி எழுதினார். மடலைப் பெற்றுச் சேமித்தவுடன் விடை கூறுதலே இதற்குத் தக்க வழி. அனுப்பும் கணிப்பொறியும் அவ்விடைக்காக 10 நிமிடம் காத்திருத்தல் வேண்டும் என 1989இல் வெளிவந்த இணைய நெறிமுறை வகுத்தது.

இரு படிகள் ஒரே மடலின் படிகளே என்பதை எங்ஙனம் அறிவது? சொற்களை ஒப்பிடுதல் போதாது. குழுவானது மடலின் தலைப்பிலோ அடியிலோ தன் பெயரைச் சேர்த்தல் கூடும். ஆதலின் ஒவ்வொரு மடலுக்கும் புறப்படும்போதே தனி அடையாளக் குறி ஒன்று இடப்படுகின்றது. இரு படிகளும் ஒரே குறியைத் தாங்கியிருப்பின், அவை ஒரே மடல் எனக் கொள்ளலாம்.

ஜிமெயில் இக்குறியைக் கொண்டே, ஒருவர் குழுவிற்கு எழுதிய மடல் அவரிடமே திரும்பி வருங்கால் அதனைத் தனியே காட்டாது விடுகின்றது. இதனை அறியாதார் தம் மடல் குழுவைச் சேரவில்லை என மயங்கி, மீண்டும் எழுதி அனுப்புவர். புதிய மடலோ புதிய குறியைப் பெறும். அதனை எவ்வடிகட்டியும் தடுக்காது. உறுப்பினர் அனைவரும் இருமுறை படிக்க நேரும்.

மிகையான படியை நீக்கும்போதும் கருத்து வேண்டும். நேரே வந்த படியை மட்டும் வைத்துக்கொண்டு மறுமொழி எழுதினால், அது குழுவிற்குச் செல்லாமல் ஒருவரோடு நின்றுவிடுதல் கூடும். எனவே குழுவின் வழியே வந்த படியைப் பேணுதல் நன்று.

இருமுறை வந்த மடலால் சிறிது சலிப்பு உண்டாகும். வாராத மடலால் ஒரு செயலே கெடலாம். ‘பெற்றேன்’ என்னும் ஒரு சொல்லுக்காகக் கணிப்பொறியும் காத்து நிற்பது இதனாலேயே.