இடப்பக்கம் பூட்டு வைத்த துப்பாக்கி

சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பிச் சுடும் துப்பாக்கி, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் போரிலும் வேட்டையிலும் கோலோச்சியது. அதன் முதிர்ந்த வடிவம் 1610-ஐ ஒட்டி, பிரான்சின் நார்மண்டியில் லிசியே நகரைச் சேர்ந்த மாரன் லெ பூர்ஷ்வா என்ற கைவினைஞரிடம் உருவானதாகக் கருதப்படுகிறது. இவ்வகைத் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. இடக்கைக்காரருக்கென்றே செய்த பழந்துப்பாக்கிகள் சில இருக்கின்றன. ஆனால் அவை அரியவை. எனவே பழைய உறுப்புகளைச் சேகரித்து அப்படி ஒன்றைச் செய்ய முற்படுபவர், எந்த உறுப்புக்கு இடம் வலம் என்ற வேறுபாடு உண்டு, எதற்கு இல்லை என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் பதிந்திருக்கும் இரும்புப் பொறியமைப்பே பூட்டு. அதன் மேலே வளைந்து நிற்கும் ‘குதிரை’ என்ற உறுப்பின் தாடைகளுக்கிடையில், தோல் துண்டில் பொதிந்த சிக்கிமுக்கிக் கல் இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் உள்ளே மடங்கியிருந்த பட்டைவில் விடுபட, குதிரை முன்னோக்கிப் பாயும். எதிரே நிற்கும் எஃகு மூடியின் முகத்தைக் கல்லின் கூர்விளிம்பு சீவிக்கொண்டு இறங்கும். அப்போது தெறிக்கும் பொறி கல்லிலிருந்து வருவதன்று. சீவப்பட்ட எஃகின் நுண்துகள்களே சூடேறிக் காற்றில் எரிகின்றன. அதே அடியில் மூடி முன்பக்கம் சாய்ந்து, கீழேயுள்ள சிறு கிண்ணம் திறக்கும். கிண்ணத்திலுள்ள மருந்து பற்றி எரியும் தீ, குழலின் பக்கத்திலுள்ள தீத்துளை வழியாக உள்ளே போய், கெட்டித்து வைத்த வெடிமருந்தைப் பற்றவைக்கும். பொறி விழும் பரப்பையும் கிண்ணத்தின் மூடியையும் ஒரே துண்டில் இணைத்ததுதான் இந்த வடிவமைப்பின் பெரிய நுட்பம்.

வலக்கைக்காரர் துப்பாக்கியை வலத் தோளில் பதித்து, வலக் கன்னத்தைக் கட்டையின் இடப்பக்கத்தில் சாய்ப்பார். பூட்டு வலப்பக்கம் இருப்பதால் தீயும் புகையும் முகத்துக்கு மறுபுறமாகப் போய்விடும். இதே துப்பாக்கியை இடக்கைக்காரர் இடத் தோளில் வைத்தால் முகம் வலப்பக்கம் வந்துவிடுகிறது. கிண்ணத்தில் எரியும் மருந்து அவர் கண்முன்னேயே சீறும். அது மட்டுமல்ல, தீத்துளையிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் அனல், குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் வலக்கையின் பக்கமாகவே பாயும். படைகளில் இதற்கு எளிய தீர்வு கண்டார்கள்: எல்லோரும் வலத் தோளிலிருந்தே சுட வேண்டும் என்றார்கள். நெருக்கமாக வரிசையில் நிற்கும்போது அது தேவையாகவும் இருந்தது. தனியே காட்டுக்குள் போகும் வேட்டைக்காரருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்னும்போது, அவர்களில் எத்தனையோ பேர் தம் உடலுக்கு ஒவ்வாத கருவியோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

பூட்டைத் திருப்பி மாட்டினால் போதாதா என்று தோன்றலாம். போதாது. பூட்டுத் தகட்டின் வெளிமுகத்தில் குதிரையும் கிண்ணமும் மூடியும்; உள்முகத்தில் பட்டைவில்லும், குதிரையை இயக்கும் உருளையும், அதைத் தடுத்து நிறுத்தும் கொக்கியும். தகட்டைத் திருப்பினால் உள்ளது வெளியே வந்துவிடும். இடப் பூட்டு என்பது வலப் பூட்டின் கண்ணாடிப் பிம்பமாக, தகடு முதல் வில் வரை தனியாகவே வார்த்தோ அடித்தோ செய்யப்பட வேண்டியது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை கல்லும், அதைப் பொதியும் தோலும், தாடைத் திருகாணியும் போன்ற சில்லறை உறுப்புகளே.

பழம்பொருள்களில் இடப் பூட்டு கிடைக்கக்கூடிய நம்பகமான இடம் ஒன்று உண்டு. இரண்டு குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பூட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்று இடப் பூட்டாகவே அமைந்திருக்கும். கட்டை உடைந்து, குழல் துருவேறிச் சிதைந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, இடக்கைக்காரருக்குப் புதையல்தான். ஆனால் பழுதில்லாத பழந்துப்பாக்கி ஒன்றை இதற்காகப் பிரிப்பது தகாத செயல். அது மறுபடி உருவாகாது. இடப் பூட்டோ, இன்று அமெரிக்காவில் சிறு பட்டறைகளில் புதிதாகவே கிடைக்கிறது.

உறுப்புகளைச் சேர்த்துத் துப்பாக்கி செய்வது புதிய பொழுதுபோக்கு அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அதுவே நடைமுறை. பிரெஞ்சுக் குழலும் ஆங்கிலப் பூட்டும் உள்ளூர் மேப்பிள் கட்டையில் ஒன்றுசேர்ந்த துப்பாக்கிகள் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பல. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய நீண்ட ரைபிள்களில்கூட, பூட்டுகள் பல பர்மிங்காமிலிருந்து கப்பலில் வந்தவை. அங்குள்ள கெட்லண்ட் நிறுவனத்தின் பெயர் பொறித்த பூட்டுகளை இன்றும் அவற்றில் காணலாம். இரும்பு விலையுயர்ந்தது, பூட்டு செய்வது நெடுவேலை. ஆகவே ஒரு துப்பாக்கி செத்தாலும் அதன் உறுப்புகள் சாவதில்லை.

அந்த உறுப்புகளை இணைப்பது எளிதாகவும் இருக்கவில்லை. ஒவ்வொன்றும் கையால் அரம் போட்டுப் பொருத்தியது என்பதால், ஒரு பூட்டின் கொக்கி மற்றொன்றில் சேராது. இந்த நிலையை மாற்ற முனைந்தவர் பிரான்சின் துப்பாக்கிக் கொல்லர் ஓனோரே பிளாங். 1785-இல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அவரைச் சந்தித்தார். ஐம்பது பூட்டுகளின் உறுப்புகள் பிரித்து அறை அறையாக அடுக்கப்பட்டிருக்க, கைக்கு வந்தவற்றை எடுத்து ஜெபர்சனே பல பூட்டுகளைக் கோத்துப் பார்த்தார், எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்தன. அவர் அதை வியந்து அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில் அவரே குடியரசுத் தலைவராக இருந்து மேற்கு நோக்கி அனுப்பிய லூயிஸ், கிளார்க் ஆய்வுப் பயணத்தில் உதிரி உறுப்புகளின் அருமை வேறொரு விதமாகத் தெரிந்தது. பசிபிக் கரையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் தறுவாயில், 1806 மார்ச்சில் லூயிஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார்: ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதசாலையிலிருந்து உதிரிப் பூட்டுகளும் உறுப்புகளும் எடுத்து வந்திராவிட்டால், ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லரின் கைத்திறனும் இல்லாவிட்டால், துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பயனற்றுப் போயிருக்கும் என்பது அதன் சாரம்.

கிடைத்த பழைய பூட்டில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது எஃகு மூடியின் முகம். பல்லாயிரம் முறை கல் சீவியதில் கடினமான மேற்பரப்பு போய், மெல்லிரும்பு வெளிப்பட்டிருக்கும். அதில் பொறி எழாது. அன்றைய கொல்லர்கள் தேய்ந்த முகத்தின் மேல் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை ஒட்டிச் சரிசெய்தார்கள். எலும்புக்கரியோடு சேர்த்துச் சூடாக்கி இரும்பின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்துவது இன்னொரு வழி. கல்லின் தரமும் முக்கியம்: இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் உடைத்தெடுத்த கரிய சிக்கிமுக்கிக் கற்கள் பிரிட்டிஷ் படைக்கே போனவை.

குழல் விஷயத்தில் இடக்கைக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. நீண்ட ரைபிள்களின் எண்பட்டைக் குழலுக்கு இயல்பாக இடம் வலம் கிடையாது. அதை வலக்கைக் குழலாக்குவது தீத்துளை ஒன்றே. பழைய துளையைத் திருகாணியிட்டு அடைத்துவிட்டு இடப்பக்கம் புதிதாகத் துளைக்கலாம். குழலையே அரைவட்டம் திருப்பிவிட்டால் துளை தானாக இடப்பக்கம் வந்துவிடும். ஆனால் அப்போது குறிமுள்ளும், கட்டையோடு பிணைக்கும் அடிக்காதுகளும் இடம் மாற வேண்டும், பின்முனை அடைப்பை மறுபடி பொருத்த வேண்டும். உட்புறப் புரிகள் மழுங்கியிருந்தால் அவற்றை மீண்டும் ஆழமாக வெட்டுவது பழைய வழக்கம். வெட்டியபின் உள்விட்டம் கூடிவிடும் என்பதால் குண்டு வார்க்கும் அச்சும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

கட்டை மட்டும் எப்படியும் புதுமரம்தான். பழைய கட்டையில் பூட்டுக்கான பள்ளம் வலப்பக்கம் குடையப்பட்டிருக்கும். அதை மூடி மறுபுறம் குடைந்தால் மணிக்கட்டுப் பகுதியில் மரத்தின் வலு போய்விடும். அமெரிக்க ரைபிளுக்கு மேப்பிள், அதிலும் அலையலையான ரேகையோடு இருப்பது சிறப்பு. குழலை முதலில் பதித்து, தீத்துளைக்கு நேராகக் கிண்ணம் வரும்படி பூட்டை வைப்பார்கள். அந்த இடம் முடிவானபின் விசை, பூட்டுத் திருகாணி என மற்றவை அதைத் தொடர்ந்தே அமையும். உலோக உறுப்பின் மேல் விளக்குக்கரி தடவி மரத்தில் அழுத்தினால், இடிக்கும் இடங்களில் கருமை ஒட்டும். அந்த இடங்களை மட்டும் உளியால் சீவி, மறுபடி அழுத்தி, மறுபடி சீவி, இடைவெளி துளியும் தெரியாமல் பதிப்பதற்குப் பொறுமை வேண்டும். கன்னம் சாயும் மேடு வலப்பக்கத்துக்கும், குண்டைச் சுற்றும் துணி வைக்கும் சிறு பெட்டி இடப்பக்கத்துக்கும் மாறும். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலம் தடவிச் சூடு காட்டினால் மேப்பிளின் ரேகைகள் செம்பழுப்பாக எழும்பும். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் பூசப்படும்.

பித்தளை உறுப்புகளில் அடித்தகடும் விசைக்காப்பும், மருந்து கெட்டிக்கும் கோலைச் செருகும் குழாய்களும் இருபக்கமும் ஒரே வடிவம் என்பதால் அப்படியே பயன்படும். பூட்டுக்கு எதிர்ப்பக்கம் திருகாணிகளைத் தாங்கும் பக்கத்தகடு மட்டும் சிக்கல் தரும். தட்டையான தகடு என்றால் புரட்டிப் போடலாம். சித்திரம் செதுக்கியிருந்தால் அது மரத்தைப் பார்த்து மறைந்துவிடும், புதிதாகத்தான் செதுக்க வேண்டும்.

பழைய குழலின் வலிமையைக் கண்ணால் பார்த்து மட்டும் நம்புவது ஆபத்து. இரும்புப் பட்டையைச் சுருட்டி நீளவாக்கில் காய்ச்சி ஒட்டியே அக்காலக் குழல்கள் செய்யப்பட்டன. அந்த ஒட்டிலோ பின்முனையிலோ துரு தின்றிருக்கலாம். லண்டனில் 1637 முதல் துப்பாக்கிக் கொல்லர் சங்கமும், பர்மிங்காமில் 1813-இன் சட்டப்படி அமைந்த சோதனைச் சாலையும் அளவுக்கு மீறிய மருந்திட்டு வெடித்துப் பார்த்தே முத்திரை குத்தின. ஆனால் அந்த முத்திரை அன்றைய நிலைக்குச் சான்று, இன்றைய நிலைக்கு அல்ல. தேர்ந்த கொல்லர் ஒருவர் சோதிக்காத பழங்குழலைச் சுவரில் மாட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் சிக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் பழம்பொருள் வகையில் சேர்க்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வது குற்றம். பழைய உறுப்புகளால் செய்த துப்பாக்கி சில ஆண்டுகளிலேயே பழமையான தோற்றம் பெற்று, அசல் பழம்பொருளாகத் தவறாகக் கருதப்படலாம் என்பதால், மனச்சாட்சியுள்ள கைவினைஞர்கள் குழலில் தம் பெயரையும் செய்த ஆண்டையும் பொறித்துவிடுகிறார்கள்.