கொடுத்ததை எண்ணுகிறோம், நிலைத்ததை எண்ணுகிறோமா?

ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வழங்குகிறோம். திறப்பு விழா நடக்கிறது, புகைப்படம் முகநூலில் வருகிறது, அறிக்கையில் ஓர் எண் கூடுகிறது. இரண்டு வருடங்கள் கழித்து அந்தத் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா? எமது நலன்புரி அமைப்புகளில் எத்தனை, திரும்பிப் போய்ப் பார்க்கின்றன?

மலையகத்தில் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் உண்டு. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2018 ஆகஸ்ட் 12ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு. பரம்பரை பரம்பரையாக லயன் அறையில் வாழ்ந்த குடும்பத்துக்கு இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் 404 என்பது கொடுத்தவரின் கணக்கு. பெற்றவரின் கணக்கு வேறு. காணி உறுதி கைக்கு வந்ததா? அதில் மனைவியின் பெயரும் உள்ளதா? மழைக்காலத்தில் நோயாளியை வண்டியில் ஏற்றப் பாதை இருக்கிறதா? வீட்டு வாசலுக்குக் கடிதம் வருகிறதா?

கடைசிக் கேள்வி அற்பமானதல்ல. லயன்களில் வாழும் பலருக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் தாமதித்தால் ஓர் இளைஞன் வேலையை இழக்கிறான். ஆகவே வாசலுக்கு வரும் ஒரு கடிதம், சதுர அடிக் கணக்கு சொல்லாததைச் சொல்லும்.

உதவியை இப்படிப் பெறுபவரின் பக்கமிருந்து திட்டமிடுவதே 'சேவை வடிவமைப்பு' எனப்படுகிறது. 1984இல் லின் ஷோஸ்டாக் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் இதற்கொரு வழியை விளக்கினார். ஒரு சேவையின் படிகளை வரைபடமாக வரைந்து, வாடிக்கையாளர் காணும் படிகளையும் அவர் காணாத பின்னணி வேலைகளையும் ஒரு கோட்டால் பிரிக்க வேண்டும் என்றார். வங்கிகளுக்குப் பயன்படும் இந்த வரைபடம் தர்மப் பணிக்கும் பொருந்தும்.

மலையகத்தில் பெரும்பாலும் உதவி நின்றுபோவது அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான். பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, சபைகள் தமது நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடச் சட்டத் தடை இருந்தது. நன்கொடையாளர் போட்ட பாதை உடைந்தால் அதைத் திருத்தும் பொறுப்பு சபைக்கு இல்லை. இன்று அந்தக் கதவு திறந்துள்ளது. ஆனால் பராமரிப்பது யார் என்பதை உதவி வழங்கும் முன்பே பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எமது அமைப்புகள் செய்யக்கூடியவை எளிமையானவை. முதலாவது, பணம் கொடுக்கும் முன்பே, ஒரு வருடத்தில் எது மாறியிருக்க வேண்டும் என்று பயனாளிகளிடமே கேட்டு எழுதுவது. இரண்டாவது, அன்றைய நிலையைப் பதிவு செய்வது. ஆரம்பம் தெரியாமல் மாற்றத்தை அளக்க முடியாது. மூன்றாவது, ஆறு மாதம், ஒரு வருடம், மூன்று வருடம் எனத் திரும்பிச் செல்வது. அதற்கான செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். நான்காவது, தோட்டத்துரையிடமும் தலைவரிடமும் மட்டும் கேட்காமல், கொழுந்து பறித்து வீடு திரும்பும் பெண்ணிடமும் கேட்பது. தண்ணீர் வருகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

'குழாய் உடைந்துவிட்டது' என்று அவர் சொன்னால் நன்றி கெட்டவர் என்று நினைக்கக் கூடாது. அடுத்த தோட்டத்தில் அதே தவறு நிகழாமல் காக்கும் தகவல் அது. அப்படிச் சொன்னால் அடுத்த உதவி கிடைக்காது என்ற பயம் இருக்கும் வரை, எமக்குக் கிடைப்பது புகழ்ச்சி மட்டுமே, உண்மை கிடைக்காது.

ஸதகத்துல் ஜாரியா என்றால் ஓடிக்கொண்டேயிருக்கும் தர்மம். அது ஓடுகிறதா, எங்கோ அடைபட்டுக் கிடக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் கொடுத்தவரின் அமானிதம்தான். அடுத்த திறப்பு விழாவுக்குத் திகதி குறிக்கும்போதே, திரும்பிப் போகும் திகதியையும் குறித்துவிடுவோம்.